ஆறு பேர், 36 கட்டம்: கார்ல் லாண்ட்ஸ்டைனரின் கதை

உங்க கழுத்துல தொங்குற ஐடி கார்டை ஒரு நிமிஷம் திருப்பிப் பாருங்க. பேர், ரோல் நம்பர், டிபார்ட்மென்ட், வீட்டு போன் நம்பர். இதுக்கு நடுவுல ஒரு ஓரமா பிளட் குரூப்னு ஒரு எழுத்து இருக்கும். ஏ, பி, ஓ, ஏபி. பக்கத்துல பாசிட்டிவ் இல்லன்னா நெகட்டிவ். அட்மிஷன் ஃபார்ம்ல கேட்டாங்க, எழுதிக் கொடுத்தோம், அவ்வளவுதான். எப்பவாவது ராத்திரி 11 மணிக்கு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல அவசரமா பி நெகட்டிவ் வேணும்னு ஒரு மெசேஜ் வரும்போதுதான் அந்த எழுத்து ஞாபகத்துக்கு வரும்.

அந்த எழுத்தைக் கண்டுபிடிச்சவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். பக்கத்துல இருக்கிற பாசிட்டிவ், நெகட்டிவ்லயும் அவர் கை உண்டு. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவுல 40 வருஷம்.

ரத்தம் ஏத்துறதுக்கு மட்டும்தான் இது தேவைன்னு நம்மில் பல பேர் நினைச்சுக்கிட்டு இருக்கோம். ஒருத்தரோட கிட்னியை இன்னொருத்தருக்கு வைக்க முடியுமான்னு கேட்டாலும் முதல்ல பார்க்கிறது இதே எழுத்தைத்தான். உறுப்பு மாற்றுன்னு சொன்னதும் நமக்கு ஆபரேஷன் தியேட்டரும் சர்ஜனும்தான் கண்ணுல வருவாங்க. அதுக்கு முன்னாடி லேப்ல ஒருத்தர் ட்யூபை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, கட்டி கட்டியதான்னு பார்த்துட்டுத்தான் சரி, இல்லன்னு சொல்றார். லாண்ட்ஸ்டைனர் அந்த லேப் ஆள். வாழ்நாள் முழுக்க அப்படியே இருந்தார்.

1868 ஜூன் 14 அன்று வியன்னாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாடன் என்ற ஊரில் அவர் பிறந்தார். அப்பா லியோபோல்ட் லாண்ட்ஸ்டைனர் அந்தக் காலத்து வியன்னாவில் பெயர் பெற்ற பத்திரிகை ஆசிரியர். கார்லுக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பா இறந்துவிட்டார். அதன் பிறகு அம்மா ஃபானிதான் எல்லாம். ஐரோப்பாவில் அப்போது இறந்தவர் முகத்தை அச்செடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. அம்மாவின் முகஅச்சு கடைசி வரை அவர் வீட்டுச் சுவரில் தொங்கியது. குடும்பம் யூதக் குடும்பம். 1890ல் தாயும் மகனும் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார்கள். இந்த விஷயம் பின்னாடி ஒரு இடத்துல திரும்ப வரும்.

1891ல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம். படிக்கும்போதே, நாம் சாப்பிடும் சாப்பாடு ரத்தத்தின் சாம்பலில் இருக்கும் உப்புகளை எப்படி மாற்றுகிறது என்று ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். பட்டம் வாங்கினதும் ஊசியும் ஸ்டெதாஸ்கோப்புமா கிளினிக் திறந்திருக்கலாம். அவர் போனது கெமிஸ்ட்ரி படிக்க. வூர்ட்ஸ்பர்க்கில் எமில் ஃபிஷர், மியூனிக்கில் பாம்பெர்கர், சூரிச்சில் ஹான்ட்ஷ் என்று அன்றைய பெரிய வேதியியல் ஆசிரியர்களிடம் போய் உட்கார்ந்தார். எமில் ஃபிஷர் சர்க்கரை மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறிந்து பின்னாளில் நோபல் வாங்கியவர். ரத்த வகையைத் தீர்மானிப்பதும் சிவப்பணுவின் மேல் இருக்கும் சர்க்கரைதான் என்று பிற்காலத்தில் தெரிய வந்தது. சும்மா தற்செயல்தான், ஆனா நல்ல தற்செயல்.

அந்தக் காலத்தில் ரத்தம் ஏற்றுவதன் நிலைமை என்னன்னு கொஞ்சம் பார்த்துடலாம். 1667ல் பாரிஸில் ஜான் டெனிஸ் என்ற மருத்துவர் ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை மனிதர்களுக்கு ஏற்றினார். ஒரு நோயாளி இறந்து, வழக்காகி, கடைசியில் அந்த முறையே தடை ஆனது. 1818ல் லண்டனில் ஜேம்ஸ் பிளண்டெல் மனித ரத்தத்தையே மனிதருக்கு ஏற்ற ஆரம்பித்தார். சில பேர் பிழைத்தார்கள். சில பேருக்கு ரத்தம் ஏற ஏறவே குளிர், முதுகுவலி, கறுப்புச் சிறுநீர், அப்புறம் மரணம். ஏன் ஒருவருக்கு ஒத்துக்கிச்சு, இன்னொருவருக்கு ஒத்துக்கல? யாருக்கும் தெரியாது. ஒரே மிருக இனத்துக்குள்ள ரத்தம் ஒண்ணுதான், மனுஷன் ரத்தம் எல்லாம் மனுஷன் ரத்தம்தான் என்றுதான் பொதுவாக நினைத்தார்கள். ரெண்டு பேர் ரத்தத்தைக் கலந்தால் சில சமயம் கட்டி கட்டுவதைப் பார்த்தவர்களும், அது ஏதோ நோயின் அறிகுறி என்று விட்டுவிட்டார்கள்.

லாண்ட்ஸ்டைனர் அப்போது வியன்னாவில் அன்டன் வைக்ஸல்பாமின் நோய்க்கூறு உடற்கூறியல் நிறுவனத்தில் உதவியாளர். வேலை என்னன்னா பிரேதப் பரிசோதனை. பத்து வருஷத்தில் 3,600க்கு மேல் செய்திருக்கிறார், கிட்டத்தட்ட தினம் ஒன்று. அதை முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் டெஸ்ட் ட்யூபோடு உட்காருவார். 1900ல் வேறு ஒரு விஷயத்தைப் பற்றி எழுதிய கட்டுரையின் அடிக்குறிப்பில் ஒரு கேள்வியைப் போட்டார்: ஆரோக்கியமான மனிதர்களின் ரத்தங்களைக் கலந்தாலும் கட்டி கட்டுகிறது, இது நோயாலா, இல்லை ஆளுக்கு ஆள் ரத்தமே வேறயா? அடிக்குறிப்பு, அவ்வளவுதான். அடுத்த வருஷம் பதில் வந்தது.

அவர் செஞ்ச சோதனையை நம்ம காலேஜ் லேப்லயே செய்ய முடியும், அவ்வளவு எளிமை. ரத்தத்தை எடுத்து வைத்தால் சிவப்பணுக்கள் தனியாகவும் மேலே தெளிந்த சீரம் தனியாகவும் பிரியும். தன் ரத்தத்தையும் லேப்பில் கூட இருந்த ஐந்து பேர் ரத்தத்தையும் இப்படிப் பிரித்தார். ஆறு பேர் சீரம், ஆறு பேர் சிவப்பணு. ஒவ்வொரு சீரத்தையும் ஒவ்வொருவர் சிவப்பணுவோடும் கலந்தார். ஆறுக்கு ஆறு மேட்ரிக்ஸ், மொத்தம் 36 கட்டம். கட்டி கட்டினால் கூட்டல் குறி, கட்டாவிட்டால் கழித்தல் குறி.

அந்த அட்டவணையை நீங்களும் மனசுல போட்டுப் பாருங்க. மூலைவிட்டத்தில் ஆறு கட்டமும் கழித்தல். யாருடைய சீரமும் தன் சொந்த அணுக்களைத் தொடவில்லை. மற்ற இடங்களில் கூட்டலும் கழித்தலும் கலந்து கிடக்கின்றன, ஆனா தாறுமாறா இல்லை. இரண்டு பேரின் அணுக்களை யாருடைய சீரமும் கட்ட வைக்கவில்லை; ஆனால் அந்த இரண்டு பேரின் சீரம் மற்ற நாலு பேரின் அணுக்களையும் கட்ட வைத்தது. மிச்ச நாலு பேர் இரண்டிரண்டாகப் பிரிந்தார்கள்: ஒரு ஜோடியின் சீரம் அடுத்த ஜோடியின் அணுக்களைக் கட்ட வைக்கும், தன் ஜோடியை விட்டுவிடும். ஆக மூன்று அணி. அவற்றுக்கு ஏ, பி, சி என்று பெயர் வைத்தார். சி என்பதுதான் பிறகு ஓ ஆனது. அவருடைய சொந்த ரத்தம் அந்த சி அணியில் இருந்தது.

இங்கே நோய் எதுவும் இல்லை, எல்லாரும் நல்லா இருக்கிற ஆளுங்க. அப்போ வித்தியாசம் நோயால வரல, பிறவியிலேயே இருக்கு. அணுவின் மேல் ஏ என்று ஒரு அடையாளம் இருந்தால் சீரத்தில் பி-க்கு எதிரான பொருள் இருக்கும், ஏ-க்கு எதிரானது இருக்காது. தன்கிட்ட இல்லாததுக்கு மட்டும் எதிர்ப்பு. இந்த ஒரு விதியை வைத்து 36 கட்டத்தையும் பார்க்காமலே நிரப்பிவிடலாம். ஒரு மாதிரி தரவுக்கு நல்ல மாடல் கிடைச்சா எப்படி இருக்கும்னு கேட்டா நான் இந்த அட்டவணையைத்தான் காட்டுவேன்.

ஏபி எங்கே போச்சுன்னு கேட்பீங்க. அது 1902ல் டெகாஸ்டெல்லோ, ஸ்டர்லி என்ற இருவர் இன்னும் அதிகம் பேரைப் பரிசோதித்தபோது கிடைத்தது. ஸ்டர்லி அந்த முதல் ஆறு பேரில் ஒருவர். ஐரோப்பாவில் ஏபி சுமார் 4 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஆறு பேரில் ஒருவர்கூட ஏபி இல்லாமல் இருக்க வாய்ப்பு 0.96இன் ஆறாம் அடுக்கு, அதாவது 78 சதவீதம். ப்ராபபிலிட்டி பேப்பர்ல வர்ற கணக்கு மாதிரியே இருக்குல்ல? சாம்பிள் சைஸ் சின்னதா இருந்தா என்ன தப்பிப் போகும்னு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இவ்வளவு பெரிய விஷயம், உடனே உலகம் கொண்டாடியிருக்கும்னு நினைச்சா, இல்லை. ரத்தம் ஏற்றுவதில் இது உதவலாம் என்று கட்டுரையின் கடைசியில் அவரே ஒரு வரி சொல்லியிருந்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. நியூயார்க்கில் ரூபன் ஆட்டன்பெர்க் என்ற இளம் மருத்துவர் ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால் கொடுப்பவர் ரத்தத்தையும் வாங்குபவர் ரத்தத்தையும் ட்யூபில் கலந்து பார்க்கத் தொடங்கியது 1907ல். அதுவும் பரவ நாளானது. முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்கு ரத்தம் தேவைப்பட்டபோதுதான், சிட்ரேட் போட்டு ரத்தத்தை உறையாமல் வைக்கும் முறையும் சேர்ந்து, வகை பார்த்து ஏற்றுவது வழக்கத்துக்கு வந்தது. கட்டுரை வந்து பதினைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நடுவில் செத்தவங்களைக் கணக்கெடுத்தவங்க யாரும் இல்லை.

லாண்ட்ஸ்டைனர் இதற்காகக் காத்திருக்கவில்லை. 1903ல் மாக்ஸ் ரிக்டரோடு சேர்ந்து, காய்ந்த ரத்தக் கறையிலும் வகை பார்க்கலாம் என்று காட்டினார். குற்ற விசாரணைக்கு அது கருவியானது. 1908ல் வில்ஹெல்மினன் மருத்துவமனைக்கு மாறினார். அங்கே போலியோவால் இறந்த ஒரு குழந்தையின் தண்டுவடத்தை அரைத்து, எர்வின் பாப்பரோடு சேர்ந்து குரங்குகளுக்குச் செலுத்தினார். குரங்குகளுக்குப் போலியோ வந்தது, ஆனால் பாக்டீரியா எதுவும் கண்ணில் படவில்லை. போலியோவுக்குக் காரணம் வைரஸ் என்ற முடிவுக்கு அதுதான் வழி. வேறு யாராக இருந்தாலும் இது ஒன்றே வாழ்க்கைக்குப் போதும். இவர் கதையில் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. 1911ல் பேராசிரியர் பட்டம் கொடுத்தார்கள், அதற்கான சம்பளம் கொடுக்கவில்லை. 1916ல் ஹெலன் விளாஸ்டோவை மணந்தார், அடுத்த வருஷம் ஒரு மகன்.

போரில் ஆஸ்திரியா தோற்றது. வியன்னாவில் பசி, குளிர், ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை. 51 வயதில், கையில் ரத்த வகையும் போலியோவும் இருந்தும், குடும்பத்தோடு நெதர்லாந்தின் ஹேக் நகரத்துக்குப் போனார். ஒரு சின்ன கத்தோலிக்க மருத்துவமனையில் லேப் வேலை. நோயாளிகளின் சிறுநீர், ரத்தம் எல்லாம் வரும், வழக்கமான சோதனைகளைச் செய்து எழுதிக் கொடுக்கணும். இன்னைக்கு நம்ம ஊரில் லேப் டெக்னீஷியன் பார்க்கிற அதே வேலைதான். வருமானம் பத்தாமல் டியூபர்குலின் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியிலும் வேலை பார்த்தார்.

அந்த மூன்று வருஷத்திலும் ஆராய்ச்சியை விடவில்லை. ஹேக்கில் இருந்தபடியே 12 கட்டுரை எழுதினார். அதில் பெரும்பகுதி ஹாப்டென் பற்றியது. முதல் வருஷக் கெமிஸ்ட்ரியில ஆர்த்தோ, மெட்டா, பாரான்னு படிச்சிருப்பீங்க. பென்சீன் வளையத்தில் ஒரு தொகுதி எந்த மூலையில் உட்காருகிறது என்பதுதான் வித்தியாசம். லாண்ட்ஸ்டைனர் இப்படிப்பட்ட சின்ன வேதிப்பொருள்களைப் புரதத்தில் ஒட்டி விலங்குகளுக்குச் செலுத்தினார். விலங்கின் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள், ஆர்த்தோவையும் மெட்டாவையும் பாராவையும் தனித்தனியாக அடையாளம் கண்டுகொண்டது. இயற்கையில் எங்கேயும் இல்லாத, லேப்பில் செய்த பொருளாக இருந்தாலும் சரி. தான் செய்ததிலேயே இதுதான் பெரியது, ரத்த வகை அல்ல என்பது அவருடைய எண்ணம். எனக்கென்னவோ ரெண்டும் ஒரே கேள்விதான்னு தோணுது: உடம்பு எவ்வளவு நுணுக்கமா தன்னையும் பிறரையும் பிரிச்சுப் பார்க்குது?

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்திலிருந்து சைமன் ஃப்ளெக்ஸ்னர் அழைத்தார். 1923 முதல் அங்கே வேலை. அதே நிறுவனத்தில் அலெக்சிஸ் கேரல் இருந்தார். ரத்தக் குழாய்களை ஊசி நூலால் ஒட்டுப்போடும் முறையைக் கண்டுபிடித்து 1912ல் நோபல் வாங்கிய பிரெஞ்சு சர்ஜன். நாயின் கிட்னியை எடுத்து அதே நாய்க்கே வேறு இடத்தில் வைத்தால் அது வேலை செய்யும் என்று கேரல் காட்டியிருந்தார். இன்னொரு நாயின் கிட்னியை வைத்தால் சில நாளில் கெட்டுவிடும். தையலில் தப்பே இல்லை. பைப்லைன் சரி, பம்ப் சரி, பிறகும் சிஸ்டம் நின்றுவிடுகிறது. ஏன் என்ற கேள்விக்குத் தையலில் பதில் இல்லை.

1930ல் லாண்ட்ஸ்டைனருக்கு நோபல் பரிசு. கண்டுபிடித்து முப்பது வருஷம் கழித்து. விளம்பரம் என்றாலே அவருக்கு ஆகாது, கூட்டத்தில் கூச்சம், பழகுவதற்குக் கடினமான மனிதர். நோபல் உரையில் ரத்த வகையோடு நிற்காமல், ஒருவர் தோலையோ திசுவையோ இன்னொருவர் உடம்பு ஏன் ஏற்பதில்லை என்ற விஷயத்தையும் எடுத்துப் பேசினார். ஆளுக்கு ஆள் வித்தியாசம் ரத்தத்தோடு முடிவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்று வருஷம்தான் ஆகியிருக்கும். 1933ல், அப்போது சோவியத் யூனியனில் இருந்த உக்ரைனில், கெர்சன் நகரத்தில் யூரி வொரோனோய் என்ற சர்ஜன் ஒரு காரியம் செய்தார். பாதரச நஞ்சால் கிட்னி செயலிழந்த 26 வயதுப் பெண்ணுக்கு, இறந்துபோன ஒருவரின் கிட்னியை எடுத்துத் தொடையில் பொருத்தினார். மனிதக் கிட்னியை மனிதருக்கு வைத்தது அதுதான் முதல் முறை. குழாய்கள் சரியாக இணைந்தன. கிட்னி கொஞ்சம் சிறுநீரும் சுரந்தது. இரண்டு நாளில் அந்தப் பெண் இறந்தார். கொடுத்தவர் ரத்தம் பி, வாங்கியவர் ரத்தம் ஓ. வகை என்னவென்று வொரோனோய்க்குத் தெரியும், குறித்தும் வைத்திருக்கிறார். தெரிந்தே செய்தார், பாதரசம் உடம்பின் எதிர்ப்பை மந்தப்படுத்தியிருக்கும் என்று நம்பினார். தோல்விக்கு இது ஒன்று மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. இறந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆன உடலிலிருந்து எடுத்த கிட்னி அது. ஆனா 1901 அட்டவணையை வச்சுப் பார்த்தா, அந்தக் கட்டத்தில் கூட்டல் குறி.

ஏன் கிட்னிக்கும் ரத்த வகை முக்கியம்? ஏ, பி அடையாளங்கள் சிவப்பணுவின் மேல் மட்டும் இல்லை. ரத்தக் குழாய்களின் உள்சுவரை மூடியிருக்கும் செல்களிலும் இருக்கின்றன. கிட்னி என்பதே நுண்குழாய்களின் மூட்டை. ஓ வகை ஆளின் உடம்பில் ஏ-க்கும் பி-க்கும் எதிர்ப்பொருள் தயாராகவே ஓடிக்கொண்டிருக்கும். குழந்தைப் பருவத்தில் குடல் பாக்டீரியாக்களின் மேல் இருக்கும் இதே மாதிரி சர்க்கரைகளைப் பார்த்துப் பழகி உண்டானவை என்பதுதான் விளக்கம். பி கிட்னியை இணைத்து கிளாம்பை எடுத்ததும் அந்த எதிர்ப்பொருள்கள் குழாய்ச் சுவரில் ஒட்டும், சுவர் சிதையும், உள்ளே ரத்தம் உறையும். ரோஜா நிறத்துக்கு வர வேண்டிய கிட்னி சர்ஜனின் கண் முன்னாலேயே நீலம் பாரிக்கும். சில நிமிஷத்திலிருந்து சில மணி நேரம் போதும். இதுல ஒரு வேடிக்கை, பாசிட்டிவ் நெகட்டிவ் அடையாளம் சிவப்பணுவில் மட்டும்தான் இருக்கு, உறுப்புகளில் இல்லை. அதனால கிட்னி பொருத்தம் பார்க்கும்போது எழுத்தைத்தான் பார்ப்பாங்க, பக்கத்துல இருக்கிற குறி பெரிய தடை இல்லை.

அந்தக் குறி வந்த கதைக்கு முன்னால், அவர் வாழ்க்கையில் எனக்குப் பிடிக்காத ஒரு இடம். 1937ல் அமெரிக்க யூதர்களில் பிரபலமானவர்கள் பற்றிய ஒரு தொகுப்பில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். சேர்க்கக் கூடாது என்று அவர் நீதிமன்றம் போனார், தோற்றார். முன்னோர் மதத்தைப் பகிரங்கமாகப் பேசுவது தனக்குக் கெடுதல் என்பது அவர் வாதம். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சி நடந்துகொண்டிருந்த வருஷம் அது. பயமா, மகனைக் காப்பாற்றும் எண்ணமா, இல்லை மதம் மாறிய ஒருவர் தன் பழைய அடையாளத்தின் மேல் கொண்ட வெறுப்பா? மனிதர்களுக்குள் வித்தியாசம் சீரத்தில் இருக்கிறது, எந்த வகையும் மேலும் இல்லை கீழும் இல்லை என்று காட்டியவரே, தன் மேல் ஒட்டியிருந்த ஒரு பெயர்ச் சீட்டைக் கிழிக்க வக்கீல் வைத்தார். அந்த வருஷங்களில் அதைத் தப்புன்னு சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்குன்னும் தெரியல. ஆனா சொல்லாம விட்டா கதை பொய்யாயிடும்.

சரி, குறிக்கு வருவோம். அவரிடம் வேலை பார்த்த பிலிப் லெவின், 1927ல் அவரோடு சேர்ந்து எம், என், பி என்று இன்னும் சில ரத்த அடையாளங்களைக் கண்டறிந்தவர். பிறகு தனியாகப் போய்விட்டார். 1939ல் லெவின் ஒரு தாயைப் பற்றி எழுதினார். வயிற்றிலேயே குழந்தையை இழந்தவர். ஏபிஓ பொருத்தம் சரியாக இருந்தும், கணவரின் ரத்தத்தை ஏற்றியதும் அவருக்குக் கடுமையாக ஒவ்வாமல் போனது. அதே சமயத்தில் லாண்ட்ஸ்டைனரும் அலெக்ஸாண்டர் வீனரும் ரீசஸ் குரங்கின் ரத்தத்தை முயலுக்குச் செலுத்தி ஒரு சீரம் எடுத்தார்கள். அது நியூயார்க் வெள்ளையர்களில் சுமார் 85 சதவீதம் பேரின் அணுக்களைக் கட்ட வைத்தது. 1940ல் வெளியிட்டு, குரங்கின் பெயரையே அதற்கு வைத்தார்கள்: ஆர்எச். முதலில் கண்டது யார் என்று லெவினுக்கும் வீனருக்கும் பல வருஷம் சண்டை. குரங்கு சீரம் அடையாளம் கண்டதும் மனிதத் தாயின் சீரம் அடையாளம் கண்டதும் ஒன்றல்ல என்று பிறகு தெரிந்தது. முன்னதற்கு லாண்ட்ஸ்டைனர், வீனர் இருவரின் முதலெழுத்துகளை வைத்து எல்டபிள்யூ என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். நெகட்டிவ் தாய், பாசிட்டிவ் குழந்தை, அதனால் இரண்டாவது குழந்தைக்கு ஆபத்து என்று நீங்க கேள்விப்பட்டிருப்பீங்களே, அதன் விடை இந்தச் சண்டைக்கு நடுவிலிருந்துதான் வந்தது. தாய்க்கு ஒரு ஊசி போட்டு அதைத் தடுக்கும் முறை 1968ல் புழக்கத்துக்கு வந்தது.

ஓய்வு வயது எப்போதோ தாண்டிவிட்டது, லேப்புக்குப் போவதை நிறுத்தவில்லை. ஹெலனுக்குத் தைராய்டில் புற்றுநோய். கடைசி வருஷங்களில் அதைப் பற்றியே ஆராய முயன்றார், எதுவும் கைகூடவில்லை. 1943 ஜூன் 24 அன்று லேப்பில், கையில் பிபெட்டோடு இருக்கும்போது மாரடைப்பு. இரண்டு நாள் கழித்து அதே நிறுவனத்தின் மருத்துவமனையில் இறந்தார். வயது 75. தன் புத்தகத்தின் புதிய பதிப்பைத் திருத்தி முடித்திருந்தார். அது அவர் இறந்த பிறகுதான் அச்சில் வந்தது. ஹெலனும் அந்த வருஷம் முடிவதற்குள் போய்விட்டார்.

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே ஒரு கிட்னியை மாற்றி வைத்தார், அது வருஷக்கணக்கில் வேலை செய்தது. கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே உருவ இரட்டையர்கள். எந்தக் கட்டத்திலும் கூட்டல் வர வாய்ப்பே இல்லாத ஜோடி. இரட்டையர் இல்லாத மற்றவர்களுக்கு என்ன வழி? 1958ல் பாரிஸில் ஜான் தோசே, ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரத்தை மற்றவர்களின் வெள்ளையணுக்களோடு கலந்து பார்த்து, எச்எல்ஏ என்று இன்று சொல்லும் திசு அடையாளங்களில் முதலாவதைக் கண்டார். சிவப்பணு இருந்த இடத்தில் வெள்ளையணு, மற்றபடி அதே பழைய அட்டவணை. 1969ல் கலிஃபோர்னியாவில் பால் தெராசாகியும் பட்டேலும், கிட்னி வைப்பதற்கு முன்னால் வாங்குபவர் சீரத்தைக் கொடுப்பவர் செல்களோடு கலந்து பார்ப்பது ஏன் கட்டாயம் என்று காட்டினார்கள். இன்று கிட்னி மாற்றில் இந்த க்ராஸ் மேட்ச் வழக்கமான ஒரு படி. கருவி மாறிவிட்டது, ஃப்ளோ சைட்டோமீட்டர் வந்துவிட்டது, கேள்வி மாறவில்லை.

வகை ஒத்துப்போகாத கிட்னியையும் இப்போது வைக்கிறார்கள். வாங்குபவர் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருளை முன்கூட்டியே வடிகட்டி, மருந்து கொடுத்து, அளவு குறைந்துவிட்டதா என்று லேப்பில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டுச் செய்வது அது. கைக்குழந்தைகளுக்கு எதிர்ப்பொருள் இன்னும் உருவாகியிருக்காது என்பதால், வகை மாறிய இதயத்தையே 1996 முதல் டொராண்டோவில் வைத்துக் காட்டினார்கள். தெரிந்து, அளந்து செய்வது வேறு. 2003ல் அமெரிக்காவில் ஓ வகை இளம்பெண் ஒருவருக்கு ஏ வகை இதயமும் நுரையீரலும் வைத்துவிட்டார்கள். திறமையான சர்ஜன்தான், வசதியான மருத்துவமனைதான். வகையை ஒப்பிட்டுப் பார்க்கும் அந்த ஒரு படியை, அடுத்தவர் பார்த்திருப்பார் என்று ஆளுக்கு ஆள் விட்டிருந்தார்கள். இரண்டாவது முறை உறுப்புகள் தேடி வைத்தும் அவர் பிழைக்கவில்லை. பிளட் பேங்க்ல நடக்கிற தப்புகளும் பெரும்பாலும் இப்படித்தான். டெஸ்ட் தப்பா போறது குறைவு. லேபிள் மாறுறது, பேரை சரிபார்க்காம விடுறதுதான் அதிகம்.

அதனாலதான் உங்க ஐடி கார்டுல என்ன எழுதியிருந்தாலும் எந்த மருத்துவமனையும் அதை நம்பி ரத்தம் ஏத்தாது. அவசரம்னாலும் புது சாம்பிள் எடுத்துப் பார்க்கும். லாண்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14தான் உலக ரத்தக் கொடையாளர் தினம். அந்தச் சமயத்துல காலேஜ்ல கேம்ப் நடந்தா, ரத்தம் கொடுத்துட்டு அந்த லேப் ஆளுங்ககிட்ட ஒரு விஷயம் கேட்டுப் பாருங்க. முகாம்ல ஸ்லைடுல பார்க்கிறது பாதி டெஸ்ட்தான். பிளட் பேங்குக்குப் போனதும் உங்க அணுக்களைத் தெரிந்த சீரத்தோட கலந்து பார்க்கிறது ஒரு தடவை, உங்க சீரத்தைத் தெரிந்த அணுக்களோட கலந்து பார்க்கிறது இன்னொரு தடவை. ரெண்டும் ஒத்துப்போனாதான் எழுத்தை எழுதுவாங்க.

எதுக்கு ரெண்டு தடவை? 1952ல் பம்பாயில் பெண்டேயும் அவர் கூட இருந்த மருத்துவர்களும் ஒரு ரத்தத்தைப் பார்த்தார்கள். அணுக்களை ஏ சீரமும் கட்ட வைக்கவில்லை, பி சீரமும் கட்ட வைக்கவில்லை. பார்த்தால் ஓ. ஆனால் அந்த ஆளின் சீரத்தை எடுத்து ஓ அணுக்களின் மேல் விட்டதும், அதுவும் கட்டியது. ஏ, பி இரண்டுக்கும் அடியில் இருக்கும், ஓ ஆட்களிடமும் இருக்கும் எச் என்ற சர்க்கரையே அவரிடம் இல்லை. அந்த வகைக்கு பம்பாய் என்றே பெயர். அப்படிப்பட்டவருக்கு ஓ ரத்தமும் ஆகாது. இன்னொரு பம்பாய் வகை ஆளைத்தான் தேடணும். முதல் பாதி டெஸ்டை மட்டும் செஞ்சிருந்தா, கார்டுல ஓ-ன்னுதான் எழுதியிருப்பாங்க.